நண்டின் மேல் போட்ட பழி

ஐப்பசி, வியாழன் இரவு

அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இதை என் கைடு சாரிடம் இன்று நேருக்கு நேராகவே சொல்லிவிட்டேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

கழக்கூட்டம் தாண்டிக் காயல் கரையில், போன வருஷம் விழா எடுத்து நட்ட அலையாத்திக் கன்றுகள் வரிசை வரிசையாகச் செத்து நிற்கின்றன. காரணம் என்னவென்று பார்க்க, நட்ட அதிகாரிகளே எங்களை அழைத்திருந்தார்கள். சேற்றில் இறங்கி ஒரு கன்றைப் பிடுங்கினேன். நர்சரியின் கறுப்பு பிளாஸ்டிக் பை அப்படியே வேரைச் சுற்றியிருந்தது. அடுத்ததிலும் பை. அதற்கடுத்ததிலும். ஃபோட்டோ எடுக்கும் அவசரத்தில் பையோடு புதைத்திருக்கிறார்கள். நண்டு இளங்கன்றைத் தின்பதுண்டு; ஆனால் கடித்த அடையாளம் ஒரு தண்டில்கூட இல்லை.

சார் பையைப் பார்த்தார். கரையில் நின்ற அதிகாரிகளையும் பார்த்தார்.

"நண்டு தின்னுடுத்துன்னு எழுதிடும்மா, அது மதி, போதும். நண்டு கேஸ் ஒண்ணும் கொடுக்காது, கேட்டோ."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். இத்தனை வருஷமாக நண்டையே ஆராய்ச்சி செய்கிற மனுஷர்.

"அப்படீன்னா வேற யாரையாவது வச்சு எழுதிக்கோங்கோ சார்," என்றேன்.

என் பிஎச்.டி. அவர் கையில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அங்கே ஒரே ஒரு கன்று மட்டும் பச்சையாக நின்றது. அடியில் மண்ணை விலக்கிப் பார்த்தேன். நண்டு வளை தோண்டும்போது பையைக் கிழித்திருந்தது. கிழிசல் வழியாக வேர் வெளியே இறங்கியிருந்தது.

என் அறிக்கையிலும் நண்டு வரும். பிழைத்த அந்தக் கன்றின் பக்கத்தில் வரும்.