தண்ணீர் ஊற்றிய தூண்கள்

கிள்ளான்
5 ஜூன் 2024

அன்புள்ள ஹாஜிரா ராத்தாவுக்கு, உங்கள் தம்பியின் சலாம்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள். அதனால் எழுதி, உங்கள் கடைக்குத் துணி கொண்டுவரும் லோரிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

நான் மேற்பார்வை பார்க்கும் கட்டடத்தில் வேலைக்குச் சேர்க்க, உங்கள் மருமகன் சஹருக்குக் கான்கிரீட் வேலையில் ஐந்து வருட அனுபவம் என்று, நீங்கள் கேட்டபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் அதுவரை உங்கள் கடையில் துணி மடித்தவன் என்று நம் இருவருக்கும் தெரியும்.

நேற்று கீழ்த்தளத்தில் நான்கு தூண்களுக்குக் கான்கிரீட் கொட்டினார்கள். கலவை கெட்டியாக இருக்கிறதென்று சஹர் அதில் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டிருக்கிறான். வேலை சீக்கிரம் முடிந்தது என்று அவனே பெருமையாகச் சொன்னான். தண்ணீர் கூடினால் தூணுக்குப் பலம் இருக்காது ராத்தா. சோதனைக்கான மாதிரியை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். அது பாஸ் ஆகிவிடும். நான் சொன்னால்தான் இன்ஜினியருக்குத் தெரியும். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஷாஹுல்

மஸ்ஜித் இந்தியா
7 ஜூன்

என் தம்பிக்கு துஆவுடன் ராத்தா எழுதுவது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? என் மகள் சுமையாவுக்கு இது ஏழாம் மாதம். வேலை போனால் சஹருக்கு இந்த நாட்டில் இருக்கும் பெர்மிட்டும் போகும். பிள்ளை முகத்தைப் பார்க்காமல் ஊருக்குப் போவதா? கொஞ்சம் தண்ணீருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? சோதனைதான் பாஸ் ஆகிவிடுமே. வாயை மூடிக்கொண்டு இரு. உன்னை வளர்த்தவள் கேட்கிறேன்.

ராத்தா

கிள்ளான்
24 ஜூன்

ராத்தா,

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தூண்களுக்கு மேலே பதினெட்டுப் பேர் நின்று கம்பி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். தூணைத் துளைத்துப் பார்த்தார்கள்; இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை. நான்கையும் உடைக்கிறார்கள். கட்டடம் இரண்டு மாதம் பின்தங்கிவிட்டது. பொய்யாக எழுதியது நான்தான் என்றும் ஒப்புக்கொண்டேன். எனக்கும் சஹருக்கும் வேலை போய்விட்டது.

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "தண்ணி ஊத்தக் கூடாதுன்னு யாருமே சொல்லலையே மாமா. சொல்லியிருந்தா ஊத்தியிருப்பேனா?"

அனுபவசாலி என்று நான் எழுதியதால்தான் யாரும் சொல்லித்தரவில்லை. அவனுக்குச் செய்த துரோகம் அதுதான். சுமையாவிடம் நானே வந்து பேசட்டுமா?

ஷாஹுல்

மஸ்ஜித் இந்தியா
1 ஜூலை

ஷாஹுல்,

நேற்று சஹர் விமானம் ஏறினான். சுமையா இன்னும் சாப்பிடவில்லை. அவருக்கு அனுபவம் இருக்கிறதென்று எழுதச் சொன்னது யார் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, மாமா தானாக எழுதியது என்று சொல்லிவிட்டேன். பிரசவ நேரத்தில் அவள் என்னையும் வெறுத்துவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதே.

ராத்தா