அப்பாவுக்கும் எனக்கும் ஒரு கார்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். நான் நலம்.

பழைய கார் ஒன்று வாங்கிவிட்டேன். மலிவுதான். கூரையை மடக்கித் திறக்கலாம், ஆனால் இருக்கை இரண்டே இரண்டு. விற்ற மெக்கானிக், "குடும்பத்துக்கு இது பத்தாதேம்மா, வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டார். "அப்பாவும் நானுந்தான்" என்றேன். அம்மா போனபிறகு அப்படிச் சொன்னது இதுதான் முதல்முறை. அழுகை வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டேன்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. கூரை மூட மறுத்துவிட்டது. தொப்பலாக நனைந்து வார்டுக்குள் போனால், நோயாளி ஒருவர் துண்டை நீட்டி, "முதல்ல நீங்க தொடைச்சுக்குங்க, நர்சம்மா" என்கிறார்! சளிகூடப் பிடிக்கவில்லை, கவலைப்படாதீர்கள்.

திறந்த காரில் காது அடைக்கிறது. அம்மாவின் கம்பளிச் சால்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்