உப்பேரிக் கதவு

வாரிங்டா,
ஜனவரி கடைசி ஞாயிறு.

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு அம்மா எழுதுவது. அபர்டீன் குளிரில் உடம்பு எப்படி இருக்கிறது, கடலுக்குள் காற்றாலை மேல் ஏறும்போது நான் பின்னி அனுப்பிய கம்பளிக் குல்லாவைத் தலைக்கவசத்துக்கு அடியில் போட்டுக்கொள்கிறாயா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அதில் பாதிதான் எழுத வருகிறது. நான் சுகம். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாராவாரம் போனில் பேசுகிறோமே, அதில் சொல்லியிருக்கலாமே என்று நீ கோபித்துக்கொள்வாய். போனில் சொல்லவேண்டும் என்று மூன்று நான்கு தடவை வாயெடுத்தேன், ஒவ்வொரு தடவையும் மழை இல்லை, ஈத்தொல்லை தாங்கவில்லை என்று ஏதோ பேசி வைத்துவிட்டேன். அதனால் நீ ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து, அவசரப்படாமல் படி.

பள்ளி விடுமுறை என்பதால் விருந்தினர் கூட்டத்துக்குக் குறைவில்லை. கம்பளி கத்தரிக்கிறவர்கள் தங்கிய பழைய கொட்டகை நிறைந்திருக்கிறது, உப்பு ஏரிக் கரையில் நீயும் அப்பாவும் சேர்ந்து கட்டிய கண்ணாடிச் சுவர்க் குடிலும் காலியாக இருப்பதில்லை. நெடுஞ்சாலையில் பழுப்புப் பலகை வைத்துவிட்டார்கள், அதில் ஏரி, ஓவியக் குதிர், நம் பண்ணை மூன்றுக்கும் அம்புக்குறி இருக்கிறது. நமக்கு அலுத்துப்போன இருட்டையும் சத்தமின்மையையும் தேடி மெல்போர்னிலிருந்து வருகிறார்கள், வந்து இறங்கியதும் போனில் சிக்னல் இல்லை என்று குறைப்படுகிறார்கள். மாலை வெயிலில் ஏரி ரோஜா நிறமாகும்போது மட்டும் வாயடைத்துப் போகிறார்கள். ஊருக்குள் நுழைகிற எல்லாரும் முதலில் நிற்பது கோபுரம் மாதிரி நிற்கிற அந்தக் கோதுமைக் குதிருக்கு முன்னால்தான். அந்த ஓவியர் பெண் உன் அப்பா முகத்தை அதில் ஆறு மாடி உயரத்துக்கு வரைந்துவிட்டுப் போனதிலிருந்து, அந்தக் குதிர்க்காரர் எங்கே, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று வந்து கேட்காதவர்கள் இல்லை. 'அந்தாளு என்னைவிட வாட்டசாட்டமா இருக்கான், அவனோடயே எடுத்துக்கோங்க' என்பார், சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்கவும் செய்வார். நவம்பரில் ஒருநாள் நானும் அவரும் தீவனம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தக் குதிர் இருக்கும் இடத்தைக் கடந்தோம். அவர் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்துவிட்டு, 'யாரும்மா அந்தக் கெழவன், எங்கேயோ பாத்த மூஞ்சியா இருக்கே' என்றார். வழக்கமான கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாய்க்குட்டி பிப்பை அவர் ரஸ்டி ரஸ்டி என்று கூப்பிடுவதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நம் பழைய நாய் ரஸ்டி செத்து எத்தனை வருஷமாயிற்று என்று உனக்குத் தெரியும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவது மனுஷருக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

உப்பேரிக் கதவு உனக்கு நினைவிருக்கும், நெடுஞ்சாலையிலிருந்து கரையோரமாக வரும் நம் பழைய வழியில் இருக்கிற இரும்புக் கதவு. வண்டியில் பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கிக் கதவு திறக்கவேண்டும் என்பது நம் பக்கத்துச் சட்டம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நீதான் இறங்குவாய். அப்பா மாட்டிய சங்கிலியைக் கழற்ற முடியாமல் அழுதுகொண்டே கதவு மேல் ஏறி உட்கார்ந்துவிடுவாய். மற்றவர்கள் எல்லாரும் சங்கிலியை ஆணியில் சும்மா மாட்டிவிட்டுப் போவார்கள், அவர் மட்டும் தூணை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை அடியிலிருந்து மேலே செருகி இறுக்கிவிடுவார், ஏதோ ஒரு குதிரை மூக்காலேயே கதவைத் திறந்துவிட்டுப் போன நாளிலிருந்து அந்தப் பழக்கம். அந்தக் கதவு நீ பிறந்ததிலிருந்து மூடியே இருந்தது. இந்தக் கோடையில் மேட்டு மேய்ச்சலில் இருந்த குட்டை வெடித்துக் காய்ந்துவிட்டதால், ஆடுகள் கீழே இறங்கித் தொட்டித் தண்ணீர் குடித்துவரட்டும் என்று கிறிஸ்துமஸுக்கு முன்பே அதைத் திறந்துபோட்டோம். வருகிற விருந்தினர் ஒவ்வொருவரிடமும் உன் அப்பா விரலை ஆட்டிச் சொல்வார், 'தெறந்திருக்கிற கதவு தெறந்தே கெடக்கணும், மூடியிருக்கிறது மூடியே கெடக்கணும், உங்க நல்ல புத்தியெல்லாம் ஊருக்குப் போய்க் காட்டுங்க, இங்க வேணாம்' என்று. அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

குடிலில் கோர்டானா என்று ஒரு அம்மாள் தன் கணவரோடு தங்கியிருந்தாள். மெல்போர்னில் பஸ் ஓட்டுகிறாளாம், நல்ல கனத்த குரல், காரியத்தில் கெட்டி. பாத்திரம் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவைக்கிற ரகம். சென்ற வாரத்துக்கு முந்தைய வாரம் அனல் காற்று அடித்ததே, தொலைக்காட்சியில் நீகூடப் பார்த்ததாகச் சொன்னாயே, அன்றைக்கு நண்பகலில் அவள் அந்த வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வீடுவரை ஓடிவந்தாள். 'ஆடுங்க கதவுகிட்ட ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்குங்க, என்னால சங்கிலிய அவுக்க முடியல, நெகமெல்லாம் போச்சு, சீக்கிரம் வாங்க' என்றாள். உன் அப்பா கொட்டகைக் கூரையில் இருந்தார், அவருக்குக் குரல் கொடுத்துவிட்டு நான் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கதவு மூடியிருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் வாடை பிடித்து மந்தை முழுவதும் கம்பியில் முட்டிக்கொண்டு நின்றது, கத்துவதற்குக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. கீழே விழுந்தவை மேல் மற்றவை ஏறி நின்றுகொண்டிருந்தன. நான் சங்கிலியில் கை வைத்தேன், டெஸ்ஸா. இரண்டு சுற்று, முனை அடியிலிருந்து மேலே செருகியிருந்தது. வெயிலில் இரும்பு கையைப் பொசுக்கியது, அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நான் கழற்றி எறிந்ததும் உயிர் இருந்தவை என் காலை இடித்துக்கொண்டு தொட்டிக்கு ஓடின. இல்லாதவை அப்படியே கிடந்தன, சமையலறையில் புட்டிப்பால் குடித்து வளர்ந்த அந்தக் கறுமூஞ்சி ஆடும் அவற்றில் ஒன்று. அப்போதுதான் உன் அப்பா வந்து சேர்ந்தார். கதவைப் பார்த்தார், கிடந்தவற்றைப் பார்த்தார், என் பின்னால் நின்ற கோர்டானாவைப் பார்த்தார். அவர் குரல் அப்படி ஏறி நான் கேட்டதே இல்லை. 'படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல என்ன பஞ்சா வச்சிருந்தே, ஒரு கதவ சும்மா விடத் தெரியாதா உங்களுக்கு, மூட்டையக் கட்டிக்கிட்டு இப்பவே கெளம்பு' என்று கத்தினார். அவள், நான் மூடவே இல்லை ஐயா, அவிழ்க்கப் பார்த்து நகம் போனதுதான் மிச்சம், நேற்று மாலை நடக்கப் போனபோது திறந்துதான் இருந்தது என்றாள். 'அப்ப ஆடே மூடிக்கிச்சா' என்றார். முந்தின நாள் மாலை குடிலுக்கு எரிவாயு உருளை மாற்றிவிட்டு அந்த வழியாக வந்தது அவர்தான். அது அவர் நினைவில் துளியும் இல்லை, நடித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் மூடிப் பழகிய கை தானாக மூடியிருக்கிறது, மூடியதை மனசு எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. நான் அங்கேயே நின்றேன், சங்கிலி என் கையில் இருந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த மனுஷரை, செத்த ஆடுகளுக்கு நடுவில், வேற்றாள் முன்னால் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. அவள் கணவர் சத்தமில்லாமல் பெட்டிகளைக் காரில் ஏற்றினார், அவர்கள் போய்விட்டார்கள்.

பக்கத்துப் பண்ணை காலின் மண்வெட்டும் இயந்திரத்தோடு வந்து குழி தோண்டிக் கொடுத்தான், பட்டணத்துக்காரர்களைப் பற்றி அவனும் தன் பங்குக்கு இரண்டு திட்டுத் திட்டினான், நான் காது கேளாதவள் மாதிரி டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றும் மறுநாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு மேல் தாங்காது என்று, முடிவெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். அவர்கள் மெல்போர்ன் திரும்பாமல் அங்கே கேரவன் முகாமில் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன், கோர்டானா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், சங்கிலியைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் போலிருக்கிறது, அவள் அப்படிச் செய்யவில்லை. 'ரெண்டு நாளா எம் புருஷங்கிட்ட, நடக்கப் போனப்ப நான் அந்தக் கதவத் தொட்டேனா, நெசமாவே தொடலியான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். அத்தன உசுரு எம்மேல விழுந்துச்சு. நானே மூடியிருப்பேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, பாத்துக்கிட்டு நின்னீங்க' என்றாள். நான் எழுந்தபோது, 'அவரப் பாத்துக்கோங்க, ஆனா இன்னொருத்தர் தலைய உருட்டிப் பாத்துக்காதீங்க' என்றாள். முடிவெட்டிக்கொள்ளாமலே வீட்டுக்கு வந்தேன்.

உன் அப்பா சமையலறை மேஜையில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். முடி அப்படியே இருப்பதைப் பார்த்தார், அதைப் பற்றிக் கேட்கவில்லை. 'ஹெதர், அந்தச் சங்கிலி எப்படி மாட்டியிருந்துச்சு' என்று மட்டும் கேட்டார். நான் கைப்பையை வைத்தேன், தண்ணீர் குடித்தேன், ஜன்னலைச் சாத்தினேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார். 'உங்க மாதிரி' என்றேன். தலையை மெல்ல ஆட்டினார். 'அந்தம்மா நெகம் போச்சுன்னு சொன்னாளே, அதுலேர்ந்து யோசிச்சிக்கிட்டே இருக்கேன். ஆணில மாட்டின சங்கிலிக்கு நெகம் ஏன் போவுது' என்றார். பிறகு, 'நான் மூடினது எனக்கு வரவே மாட்டேங்குது, ஹெதர். எவ்வளவு தேடினாலும் அந்த எடத்துல ஒண்ணுமே இல்ல' என்றார். உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை, நானும் உன் பாட்டி போனபோது ஒருமுறை பார்த்ததோடு சரி. நாங்கள் இருவரும் அந்த மேஜையில் உட்கார்ந்து அழுதோம், பிப் வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும், நானே போய்ச் சொல்வேன் என்று நின்றார். நான்தான் வண்டி ஓட்டினேன், அவர் சாவியை என்னிடம் கொடுத்தபோது அது அன்றைக்கு மட்டும் கொடுத்ததில்லை என்று எனக்குப் புரிந்தது. கோர்டானா முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, 'அது நான்தாம்மா. உன்னப் பேசினதெல்லாம் என்னையே பேசிக்கவேண்டியது' என்றார். அவள் அவரை உட்காரச் சொல்லி, கெட்டியான கறுப்புக் காப்பி கொடுத்தாள். நாங்கள் கிளம்பும்போது, 'அந்தக் குதிர்ல இருக்கிறவரு உங்களவிடக் கோவக்காரரா தெரியறாரு' என்றாள், உன் அப்பா சிரித்தார். வீடு வந்ததும் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். கீல் ஆணிகளைத் தட்டிக் கழற்றி, நாங்கள் இருவருமாகக் கதவைத் தூக்கி வேலியோரம் புல்லில் படுக்கவைத்தோம். 'இனிமே எங் கை இங்க வந்தாலும் மூடறதுக்கு ஒண்ணும் இல்ல' என்றார்.

வைத்தியரைப் பார்த்தாயிற்று, பெரிய ஊரில் தலையைப் படமெடுக்க மார்ச்சில் நாள் கொடுத்திருக்கிறார்கள். உனக்குச் சொல்லவேண்டாம் என்று நான் சொன்னேன், சொல்லத்தான் வேண்டும், சங்கிலி முதற்கொண்டு சொல்லு என்று அவர்தான் என்னை உட்காரவைத்தார். விருந்தினர்களை நிறுத்துவதா, ஆடுகளை விற்பதா என்பதெல்லாம் அப்புறம், அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. உன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடாதே, உன்னையும் உன் காற்றாலையையும் பற்றி அவர் பெருமையடித்துக்கொள்ள வேண்டாமா. ஆனால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாயே, அதை ஏப்ரலுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார். ஏரிக்கு அந்தப் பக்கம் நீயும் அவரும் ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற இரண்டாவது குடிலை அவர் உன்னோடு சேர்ந்து முடிக்கவேண்டும் என்கிறார், எந்தப் பலகை எங்கே வரும் என்பதெல்லாம் இன்னும் அவர் தலையில் பத்திரமாக இருக்கிறது. கர்த்தர் உன்னைக் கடலிலும் உயரத்திலும் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே.

ஒன்றே ஒன்று மறக்காதே. வரும்போது குதிருக்கு முன்னால் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்காதே, ஏரிக்கரை வழியாக நேரே வா, இறங்கித் திறக்க அங்கே கதவு இல்லை. அவர் வாசலில் நிற்பார். உன் பெயரைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தாலும் நீ எடுத்துக்கொடுக்காதே, அவரே சொல்லட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஹெதர்.