இரண்டாம் வாசகர்

மார்ச் 3
அவர் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். மேசையைத் துடைத்தேன். கணினியைத் திறந்து மூடினேன்.

மார்ச் 5
வேதியியல் கற்பித்தலைப் பற்றி இருபது ஆண்டுகளில் வெளியான 640 ஆய்வுகள். எதைப் பற்றி, எந்த முறையில், யாரை வைத்து என்று ஒவ்வொன்றுக்கும் குறி போட்டு, ஆய்வுப் போக்கை எழுத வேண்டும். இருவர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் படிப்பதுதான் விதி. முதல் வாசகர் நான். இரண்டாம் வாசகர் அவர். இருவருமே வேதியியல் ஆசிரியர்கள்; நான் கூடத்தில், அவர் அறையில். படித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

பாதிக்கு மேல், மாணவன் எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறான் என்பதுதான். ஆசிரியரின் தப்பைப் பற்றி இருபத்தேழே ஆய்வுகள். ஆய்வை எழுதுவது ஆசிரியர்கள் நாம்தானே! சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

மார்ச் 6
மதியம் சாப்பிட்டேனா?

மார்ச் 9
இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டேன். முதல் 430-இல் நூற்றுக்குப் பதினேழு இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறோம். "நீ தலைப்ப மட்டும் படிச்சிட்டு குறி போடுற" என்பார். 431-இலிருந்து எல்லாமே ஒத்துப்போகின்றன. ஒருவழியாக என் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மார்ச் 10
512, கல்லூரி மாணவர்களைப் பற்றியது. நான் கைதவறித் தொடக்கப் பள்ளி என்று போட்டிருக்கிறேன். அவரும் தொடக்கப் பள்ளி.

முப்பது வருடமாகப் பரீட்சையில் பசங்களை இப்படித்தானே பிடித்தேன்? சரியான விடை ஒத்துப்போனால் ஒன்றுமில்லை. தப்பும் ஒத்துப்போனால் —

என் பட்டியல் கூடத்துக் கணினியில் திறந்தேதான் கிடக்கும். 431, அவருக்குக் கீமோ தொடங்கிய வாரம். "எழுத்தெல்லாம் ஆடுது" என்றார் ஒருநாள். கண்ணாடியை மாத்துங்க என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. ஏங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என்னைப் பாத்து எழுதி — நீங்களா?

மார்ச் 12
நாத்தனாரிடம் சொன்னேன். அவளும் கல்லூரியில் வேதியியல்தான் நடத்துகிறாள். "அண்ணன் கடைசியா பண்ண வேலை அண்ணி. யாருக்குத் தெரியப்போகுது? விட்டுடுங்க."

விட்டால் அவர் பெயரில் ஒரு பொய் அச்சாகும். அழித்தால் அவருடைய கடைசி மூன்று மாதம் காலி.

மார்ச் 16
கட்டுரை தாமதமாகும் என்று இதழுக்கு எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன். அவருடைய முதல் 430 அப்படியே இருக்கும். மீதி 210-ஐ அழித்தேன். ஒரு விசைதான்.

மார்ச் 21
நாத்தனார் வந்தாள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, 431-இலிருந்து பத்து படித்துக் குறி போட்டாள். நான்கில் எங்களுக்கு ஒத்துப்போகவில்லை. 438-ஐ எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். "என்ன அண்ணி, தலைப்ப மட்டும் படிச்சிட்டு போட்டீங்களா?"

இத்தனை நாள் வராத அழுகை. அவள் பயந்தே போய்விட்டாள்.

முகம் கழுவிவிட்டு வந்து 438-ஐ முழுசாகப் படித்தேன். அவள் போட்ட குறிதான் சரி.