பனி விழாத மாதத்துக் கதை

செர்லாய், மட்டாஞ்சேரி
14-10-1961

ஆத்துக்காரர் அவர்களுக்கு கங்கா அநேக நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் அம்மாவும் சௌக்கியம். கனடாவில் நீங்களும் சௌக்கியம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுவதையெல்லாம் அப்படியே நம்புகிற நிலையில் நான் இப்போது இல்லை.

போன வாரம் படகுத்துறையில் உங்கள் ஏலூர் கம்பெனி சங்கரலிங்கத்தைப் பார்த்தேன். பயிற்சிக்குப் போன எல்லோரும் திரும்பி வந்தாச்சே, உங்காத்துக்காரர் மட்டும் இன்னும் ஆறு மாசம் நிக்கறேன்னு தானாத்தானே எழுதிக் கொடுத்தார் மன்னி என்றார். கம்பெனிதான் நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்கு எழுதியிருந்தீர்கள். நான் அவரிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. தெரியுமே என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன்.

அம்மாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. சமையலறை ஒழுகுகிறது, ஐப்பசி துலா மழைக்குள் ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய போட்டோவை அடுத்த வீட்டு ஆவுடையம்மாளிடம் காட்டியது தப்பாகப் போயிற்று. அவள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்த்தாள். மான் தோல் செருப்பு, மேலே மணி கோத்துப் பூவேலை. காலளவு எடுக்காம இப்படிக் கச்சிதமா தைக்க முடியுமாடி என்று கேட்டாள். அன்றிலிருந்து உங்கள் காலை யார் அளவெடுத்தார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

யாரென்று எனக்குத் தெரியாதா? நீங்கள் கடிதம் தவறாமல் எழுதுகிற அந்த எழுத்தாளர் அம்மாள், திருமதி ரோஸ். அவர்கள் அந்த மண்ணின் ஆதிகுடிகள், அனிஷினாபே என்று பெயர் என்றெல்லாம் எழுதினீர்கள். தன் ஜனங்களின் கதைகளைப் புஸ்தகமாக எழுதுகிறார், ஆனால் பெரிய கதைகளைத் தரையில் பனி கிடக்கிற காலத்தில் மட்டுமே வாய்திறந்து சொல்வார், அது அவர்கள் வழக்கம், அதைக் கேட்க ஆசை என்றீர்கள். ஹரிகதையில் தூணில் சாய்ந்து குறட்டை விட்ட மனிதருக்குக் கதை கேட்க ஆசை.

சரி, வழக்கம் என்றால் வழக்கம். ஆனால் ஆகஸ்ட் மாதக் கடிதத்தில், அவர் சொன்னது என்று ஒரு கதை எழுதி அனுப்பினீர்களே, ஆகஸ்டில் அங்கே பனி ஏது? ஒன்று வழக்கம் பொய், இல்லை கதை அவருடையது இல்லை. இப்போது மாட்டிக்கொண்டீர்கள் என்று நினைத்துத்தான் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஏரியில் மீன் பிடிக்கிறவன் சாயங்காலம் கரைக்கு வருவானாம். அவன் பெண் ஓடிவந்து, அவன் மூடின கையை விரல் விரலாகப் பிரிப்பாளாம். உள்ளே ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததை எடுத்து வாயில் போட்டு மென்று, இனிக்குது என்பாளாம். பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாளாம்.

நீங்கள் ஏலூரிலிருந்து வந்து படகு இறங்கும்போது நம் பெண் மீனு செய்தது அது. உங்களுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியானால் அது அவர் கதை இல்லை, நீங்கள் அவரிடம் சொன்னது.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் நீங்கள் ஒரு நாள் அவள் பெயரைச் சொன்னதில்லை. நான் சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள். கல்மனசு என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாள் முன்னால் உட்கார்ந்து எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள், அழுதும் இருப்பீர்கள். செருப்பை மன்னித்துவிடுவேன், இதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் உங்கள் மீனுவா, நம் மீனுவா?

கோபம் இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் நீங்கள் தங்கியது பனிக்காகவும் இல்லை, அந்த அம்மாளுக்காகவும் இல்லை, மீனு இல்லாத இந்த வாசற்படிக்குப் பயந்து என்று இப்போது தோன்றுகிறது. பள்ளுருத்தியில் ஒரு வீடு காலியாக இருக்கிறதாம். நீங்கள் சரி என்றால் பேசி முடிக்கிறேன். எந்த வீடானாலும் எனக்குச் சம்மதம்தான். வந்து ஒரு தடவை அந்தக் கதையை எனக்குச் சொல்லுங்கள். நடுவில் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

பகவதி உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
மீனுவின் அம்மா