அமிஹானுக்குப் பப்பாளிக்காய்

பனாய் தீவு,
ஞாயிறு.

அன்பு அரிஸ்டன்,

கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கை லுனிங்கும் நலம். நீ இன்னும் பார்க்காத உன் மகள் அமிஹான் தூக்கத்தில் சிரிக்கிறாள்.

நலம் என்று எழுதிவிட்டேன். ஆனால் போன வாரம் அவளுக்கு எடை ஏறவில்லை. எனக்குப் பால் போதவில்லை. நாளை நிறுக்கும்போதும் ஏறாவிட்டால் டப்பாப் பால்தான் என்று சுகாதார நிலைய நர்ஸ் சொல்லிவிட்டார்.

விஷயம் எப்படியோ தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பப்பாளிக்காய்கள். கோழி, இஞ்சி, முருங்கைக்கீரையோடு அதைக் கொதிக்கவைத்த சாறுதான், பால் ஊற, மூன்று வேளையும். பக்கத்து வீட்டு பெலாஸ் அக்கா தன் கிழட்டுச் சேவலையே கொடுத்துவிட்டாள். "இது வேகவே வேகாதுக்கா" என்றேன். "பப்பாளித் தோலைப் போட்டுப் பிசறி வைடி. கல்லே வெந்துடும், இந்தக் கிழவன் எம்மாத்திரம்!" என்றாள். வெந்தது.

பழுத்ததை மலச்சிக்கலுக்கு நான் சாப்பிடுகிறேன். மிச்சத்தை லுனிங் முகத்தில் அப்பிக்கொள்கிறாள். "உனக்குப் பால் ஊறுதோ இல்லையோ அண்ணி, எனக்கு மாப்பிள்ளை வந்துடுவான் பாரு" என்கிறாள்.

சிரிக்கிறேன். பயம் மட்டும் போகவில்லை. தூங்கியும் தூங்காமலும் நாட்கள் நகர்கின்றன. கண்ணை மூடினால் பப்பாளிப் பூவின் வாசனை, வீடே மெல்ல மிதப்பது போல. நீயும் எங்கோ பக்கத்தில்தான் மிதக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று மதியம் மீந்த காயை ஊறுகாய்க்குத் துருவிக்கொண்டிருந்தேன். பெலாஸ் அக்காவின் கைக்குழந்தை அழுதது. ஏதோ கனவுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. என் சட்டை நனைந்தது. வியர்வை என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்து, கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.

அமிஹான் குடித்தாள், அரிஸ்டன். விழுங்கும் சத்தம் கேட்டது. வாயோரம் வழிந்தது. வழியும் அளவுக்கு!

பப்பாளிதான் காரணம் என்கிறாள் லுனிங். "ஏன், என் சேவல் சும்மாவா செத்துச்சு?" என்று பெலாஸ் அக்கா சண்டைக்கு வருகிறாள். எதுவாக இருந்தாலும் சரி. ஒரு வேளை வந்தது மறு வேளையும் வருமா என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நாளைக் காலை அவளைத் தராசில் கிடத்துவார்கள். இது உன் கைக்கு வரும்போது அந்தக் காலை என்றோ போயிருக்கும். இருந்தாலும் வேண்டிக்கொள். கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். நீ வந்து முதல்முறை அவளைத் தூக்கும்போது, கனம் தாங்காமல் உன் கை கொஞ்சம் தாழ வேண்டும்.

உன்,
ரொவேனா