ஆலைச் சங்கு

என்னங்க,

ஆலை மூடி நீங்கள் வெளியூர் போனபின் பூட்டியே கிடந்த இடத்தில் நேற்று நாடக அரங்கம் திறந்தார்கள். கடைத்தெருவுக்கு உயிர் வந்துவிட்டது. எனக்கும் தையல் வேலையில் மூச்சுமுட்டுகிறது.

இடைவேளைக்கு, வேலை முடிந்ததும் ஊதும் பழைய ஆலைச் சங்கையே ஊதினார்கள். அவ்வளவுதான், ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார்கள். “இன்னும் பாதி நாடகம் இருக்குங்க” என்று நடிகர்களே ஓடிவந்து மறித்தார்கள். ஒரே சிரிப்பு.

நானோ அதற்குள் ஓடிப்போய், முன்பு உங்களுக்காகக் காத்திருக்கும் அதே கேட்டருகே நின்றுவிட்டேன். கூட்டம் திரும்பி உள்ளே போனபிறகும் நின்றேன். டீக்கடை அண்ணன்தான், “ஆரம்பிச்சிட்டாங்கம்மா, உள்ள போ” என்றார்.

அரங்கத்துக்கு எலக்ட்ரீஷியன் தேடுகிறார்கள். உங்களுக்கு அந்த ஊரில் நல்ல வேலை இருக்கிறது, தெரியும். சும்மா காதில் போட்டு வைக்கிறேன்.

இனி தினமும் சங்கு ஊதுவார்களாம்.

உங்கள் வீட்டுக்காரி